பச்சைச் சேலையும் பல்புத் தலையும்

பிப்ரவரி 9, ஞாயிறு

படம் வந்துவிட்டது. புது வீட்டு ஹாலில் மாட்டுவதற்கு நம் கோழிப்பண்ணையை வரைந்து தரும்படி இவர்தான் சௌந்தர்யாவிடம் சொல்லியிருந்தார். பரமத்தி வேலூர்ப் பெண், கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள். போன மாதம் நம் மாடி அறையில் ஒரு வாரம் தங்கி, பண்ணையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஷெட், கோழி, பக்கத்தில் காரோடு தானும் நிற்பது போல இருக்கும் என்று இவர் எதிர்பார்த்திருப்பார். சௌந்தர்யாவே கொண்டுவந்தாள். துணியைப் பிரித்தால் கூண்டில் கோழியே இல்லை. முட்டைகள். ஒவ்வொரு முட்டைக்கும் சின்னக் கதவு, பாதி திறந்தபடி. தீவன லாரி வானத்தில் தலைகீழாக மிதக்கிறது. நடுவில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண். கழுத்துக்கு மேலே முகம் இல்லை, ஷெட்டில் தொங்குகிற குண்டு பல்பு எரிகிறது.

இவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல கோழி எங்க சாமி?" என்றார்.

"முட்டைக்குள்ளாற இருக்குதுங்கண்ணா."

மேலே கேட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுமே! தலையை ஆட்டிக்கொண்டார். நானும் ஆட்டிவைத்தேன். ஆனால் யார் அந்தப் பொம்பளை?

பிப்ரவரி 10

அந்தப் பச்சைச் சேலை என்னுடையது.

பிப்ரவரி 12

சந்தேகமே இல்லை. பீரோவிலிருந்து சேலையை எடுத்துப்போய்ப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். அரக்கு பார்டர். முந்தானையில் ஊதுபத்தி பட்டுச் சுட்ட ஓட்டையைக் கூட விடாமல் வரைந்திருக்கிறாள்.

அப்படியென்றால் அது நான்தானே? தலைக்குப் பதில் எதற்குப் பல்பு? மூளை இல்லாதவள் என்கிறாளா? ஒரு வாரம் சோறு போட்டேன், அதற்கு இதுதான் மரியாதையா? அல்லது, விடியும் முன்னே எழுந்து ஷெட்டுக்கு லைட் போடுகிறவள் என்பதாலா? கல்யாணமாகி வந்ததிலிருந்து அது என் வேலை. வெளிச்சம் தப்பினால் கோழி முட்டையைக் குறைத்துவிடும். டைமர் மாட்டலாம் என்றால் கரண்ட் போய் வந்தால் அது தப்பாக ஓடும் என்பார் இவர். என்னைக் காட்டி, உஷா தப்ப மாட்டாள் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். அதைத்தான் அந்தப் பெண் பார்த்தாளோ? மாடி ஜன்னலிலிருந்து ஷெட் தெரியும்.

இவரிடம் மெல்லக் கேட்டேன், அந்தப் பெண் யார் என்று. வெளிச்சம் என்றால் லட்சுமிதான், வேறு யார் என்றார். ஓட்டைச் சேலை கட்டிய லட்சுமி!

பிப்ரவரி 16, ஞாயிறு

ராசிபுரத்திலிருந்து இவருடைய அக்கா மாரக்காள் வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நம் வீட்டில் யாரும் பாராட்டாத படத்தை அவர்தான் முதலில் பாராட்டினார்.

"திருஷ்டிக்குன்னா இப்படித்தான் பயமா இருக்கோணும். ஆனா உள்ளார மாட்டக் கூடாது அருணகிரி, கேட்டுல கட்டு."

இவருக்கு என்ன நிம்மதி! இத்தனை நாள் வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தார். சாயங்காலமே கேட்டில் கம்பி போட்டுக் கட்டி, பக்கத்தில் பூசணிக்காயையும் தொங்கவிட்டாயிற்று.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை.

பிப்ரவரி 18

முட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, பேய் நல்லா இருக்குதுங்க என்றான். பேயாம்.

பிப்ரவரி 20

மத்தியான வெயில் நேராகப் படத்தின் மேல் விழுகிறது. பழைய போர்வையைப் போட்டு மூடினேன். மூடினால் திருஷ்டி எப்படிப் போகும் என்று இவர் எடுத்துவிட்டார். இப்படியே கிடந்தால் ஒரு மழைக்குத் தாங்குமா? சௌந்தர்யாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டியதுதான்.

பிப்ரவரி 22

பரமத்தி வேலூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பூசணிக்காய் பக்கத்தில் தன் படம் தொங்குவதைப் பார்த்து அழுவாள் என்று பயந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நல்ல பிள்ளைதான்.

காபி கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன், அது நானா என்று.

கொஞ்சம் யோசித்தாள். "இல்லீங்கக்கா. அண்ணன் லட்சுமி வேணும்னாரு. மூஞ்சி வரைஞ்சேன், நல்லா வரல, அழிச்சுட்டேன். உங்க மாடி ஜன்னல்ல பார்த்த பல்பு நெனப்புக்கு வந்துச்சு, அதையே வெச்சுட்டேனுங்க."

சேலை? கொடியில் காய்ந்ததாம். நிறம் பிடித்திருந்ததாம். ஓட்டையும் கண்ணில் பட்டதாம், வரைந்தாளாம். விடிகாலையில் யார் லைட் போடுவது என்று கேட்டதற்கு, அது தானாக எரியும் என்றுதான் நினைத்தாளாம்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து அழுதேன். எதுக்கு அழுவறேன்னு எனக்கே வெளங்கல. என்னைக் கேலி பண்ணலையே, அதுக்கு சந்தோசந்தானே படோணும்? போயும் போயும் ஒரு படத்துக்கு, நான் இல்லாத படத்துக்கு!

பிப்ரவரி 25

அவள் என்னை நினைக்கவில்லை. சரி. ஆனால் அவள் பார்த்த பல்பு எரிந்ததே, அதைப் போட்டது யார்? அவள் கைக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? இருக்கும் போல. இவர் நினைத்தது லட்சுமி, மாரக்காள் நினைத்தது திருஷ்டி, வரைந்தவள் ஒன்றுமே நினைக்கவில்லை. நான் மட்டும் எதற்கு அடுத்தவரைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்?

மார்ச் 2, ஞாயிறு

காலையில் நானே கம்பியை அவிழ்த்துப் படத்தை எடுத்துவந்து ஹாலில் வாசலைப் பார்த்து மாட்டினேன். மத்தியானம் மாரக்காள் வந்து, பேயைக் கொண்டாந்து நடுவூட்டுல மாட்டியிருக்கறியே புள்ள என்று சத்தம் போட்டார். இவர் என்னைப் பார்த்தார்.

"அது பேயில்லீங்க அண்ணி. நாந்தானுங்க."

இவர் சிரிக்கப் போனார். பிறகு படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அந்தப் பச்சைச் சேலையைத்தான் கட்டியிருந்தேன். முந்தானை ஓட்டையையும் பார்த்திருப்பார். பல்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், அக்காவுக்கு இன்னொரு காபி கொண்டுவரத் தானே உள்ளே போனார்.

மார்ச் 3

கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அடித்துப் பிடித்து ஓடினேன். ஷெட்டில் லைட் எரிகிறது, இவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். போடும்போது கொஞ்சம் லேட்டாகிவிட்டது என்றார்.

கோழிகள் ஒன்றும் சொல்லவில்லை.