‘பொறுங்க, வாறன்’ என்ற பொத்தான்

நானா,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை ஒரு பொத்தானோடு கதைத்துக்கொண்டிருந்து பிடிபட்டுவிட்டேன். பிளேன்டீ கொண்டுவந்த கடைக்காரர் கதவடியில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டார். இந்நேரம் எனக்கு நட்டுக் கழன்ற கதை துறைமுக வீதியின் அந்தம்வரை போயிருக்கும்.

திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் வள்ளத்தில் இடம் பதிகிற நம் இணையப் பக்கத்தின் பொத்தான்தான் அது. சீசன் தொடங்குகிறது, ஒருக்கால் சரிபார்த்துத் தாருங்கோ என்று நிலாவெளி வள்ளக்காரர் கேட்டிருந்தார். அழுத்தினேன். சாம்பல் நிறமாகி, நீங்கள் வைத்த அதே இரண்டு சொல்லைக் காட்டியது: ‘பொறுங்க, வாறன்.’ இங்கே சிக்னல் அறுந்துவிட்டது. சிக்னல் திரும்பி வந்த பிறகும் பொத்தான் திறக்கவில்லை. “பொறுத்தது காணும் நானா, வாங்கோ” என்றேன். அதைத்தான் அவர் கேட்டார்.

இரண்டு கதிரை போட்டு, அண்ணன் தம்பியாய் நாம் இந்த அறையில் தொழில் தொடங்கிய முதல் சீசன் நினைவிருக்கிறதா? பொறுமையில்லாத ஒரு குடும்பம் பொத்தானை மூன்று தரம் அழுத்த, நாலு பேர் பன்னிரண்டு பேரானார்கள். வராத எட்டுப் பேருக்காக வள்ளக்காரர் கரையில் வெயில் காய்ந்தார். அன்று பின்னேரமே நீங்கள் பொத்தானுக்கு ஸ்கிரிப்ட் எழுதினீர்கள். ஒருக்கால் அழுத்தியதும் பொத்தான் தன்னைப் பூட்டிக்கொள்ளும். பதில் வந்ததும் திறக்கும்.

பூட்டியிருக்கும்போது ‘காத்திருக்கவும்’ என்று காட்டுவோம், அதுதான் மரியாதை என்றேன்.

“அது ஆஸ்பத்திரிச் சுவரில எழுதுறது, தம்பி. வீட்டுக்காரன் உள்ளுக்குப் போனா ‘பொறுங்க, வாறன்’ எண்டுதானே சொல்லுவான். வருவான் எண்டு தெரிஞ்சா ஆரும் கதவத் தட்டமாட்டாங்க.”

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் மாடிப்படியில் நின்று அதையே சொன்னீர்கள். நம் ஊரில் ஆரும் ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லையே. நான் கணினியிலிருந்து தலை நிமிர்த்தாமல் ‘ஓம்’ என்றேன்.

உங்கள் கதிரையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது. வெறுமையாக விட்டால் வருகிறவர்கள் அதில் இருந்துவிடுகிறார்கள். பிரிண்டர் பழுதாகி ஒரு வருடம்.

மத்தியானம் வள்ளக்காரர் தொலைபேசியில் வந்தார். பட்டன் பூட்டியபடி நின்றதால் போன சீசனில் பல பேர் சலித்து வேறு வள்ளத்துக்குப் போய்விட்டார்களாம். இந்த முறையும் அப்படியென்றால் நம்மை விட்டுவிடுவாராம். நமக்கு மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான்.

“ஆர் விட்ட பிழை?” என்றார்.

“நானா ஒரு வரி எழுத மறந்திட்டார் போல” என்றேன். செத்தவர் மறுத்துக் கதைக்கமாட்டார் என்பது எவ்வளவு வசதி.

பொத்தானில் வரும் அந்தச் சொல்லையும் மாற்றச் சொன்னார், வெளியூர்ச் சனத்துக்கு விளங்காதாம். அது மட்டும் ஏலாது என்றேன். தினமும் அறையைப் பூட்டும்போது நானும் அதைத்தான் சொல்கிறேன், உள்ளே கேட்க ஆளில்லை என்று தெரிந்தும். பிரிண்டருக்குச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஸ்கிரிப்டைத் திறந்தேன். சிக்னல் அறுந்தாலும் பொத்தானைத் திறக்கிற வரி அங்கேயே இருந்தது, நானா. நீங்கள் எழுதியதுதான். ஆரோ அதை வேலை செய்யாமல் நிறுத்தி, பக்கத்தில் குறிப்பு வைத்திருந்தார்கள்: ‘சோதனைக்காகத் தற்காலிகமாக நிறுத்தியுள்ளேன்.’

கீழே என் பெயர்.