இரண்டு பட்டறைக்கு ஒரே உரிமம்

குவாந்தான்
ஏப்ரல் 22

ஹம்டானுக்கு,

ஸலாம். நலம்தானே? போனில் பேசினால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். கூடவே ஒரு படிவமும் இருக்கிறது.

இந்தப் பட்டறையில் கார்க் கோளாறு பார்க்கும் கருவியின் மென்பொருள் உரிமம் இன்னும் உங்கள் பெயரில்தான். வாங்கிய அன்று முகவர் அஸ்ரி, "முதலாளி பேரு சொல்லுங்க" என்றார். கருவியைப் படித்துப் பழகியவள் நான். இருந்தும் உங்கள் பெயரைச் சொன்னேன். செருப்பால் அடிக்க வேண்டும் என் புத்தியை. ஒரு முகவரிக்கு ஓர் உரிமம்தானாம். நீங்கள் விட்டுக்கொடுக்காமல் எனக்குத் தனியாகக் கிடைக்காது.

ஒரு வண்டிக்குப் புதுச் சாவி பதிய வேண்டுமென்றால் ரகசிய எண் உங்கள் போனுக்கு வருகிறது. நேற்று காருக்குச் சாவி பதிய வந்த டீச்சர் ஸல்மா, "என்ன நானி, தலாக் ஆயிடுச்சு, சாவிக்கு மட்டும் இன்னும் அவர்கிட்ட அனுமதியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போனதும் இந்தப் படிவத்தை எடுத்தேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

ரொஸ்னானி

•

ஜொகூர் பாரு
ஏப்ரல் 30

என் நானிக்கு,

ஸலாம். படிவம் வந்தது, பத்திரமாக இருக்கிறது. என்ன அவசரம்? எண் கேட்டு என்றைக்காவது தராமல் இருந்தேனா? அந்தச் சாக்கில் ஒரு நிமிஷம் உன் குரல் கேட்கிறது. "சாப்டியா?" என்று கேட்பது குற்றமா?

இங்கே நானும் சின்னதாக ஒரு பட்டறை போட்டிருக்கிறேன். அதே உரிமத்தில் இன்னொரு கருவியை இணைத்துவிட்டேன். நீ பார்க்கும் வண்டியும் நான் பார்க்கும் வண்டியும் ஒரே பட்டியலில் வருகின்றன. இன்னும் ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது. செவ்வாயன்று உன் முதல் வண்டி மதியம் மூன்று மணிக்குத்தான். உடம்புக்கு என்ன?

கையெழுத்துப் போட்டால் என் கருவி நின்றுவிடும். என்னை நடுத்தெருவில் விடாதே.

உன் ஹம்டான்

•

குவாந்தான்
மே 8

ஹம்டானுக்கு,

செவ்வாயன்று எனக்குக் காய்ச்சல். ஜொகூரிலிருந்தே அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். இதை அன்பு என்கிறீர்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது.

இப்போதெல்லாம் தினமும் ஒன்பது மணிக்கு என் சொந்தக் காரிலேயே கருவியை மாட்டிப் பார்க்கிறேன். எதற்கு? ஏன் தாமதம் என்று நீங்கள் கேட்கக் கூடாது என்பதற்கு! ஷரியா கோர்ட் என்னை மூன்று மாதத்தில் விட்டது. இந்தப் பெட்டி இரண்டு வருஷமாக விட மாட்டேன் என்கிறது.

உங்கள் வண்டிகளும் எனக்குத் தெரிகின்றன. பத்து நாளாக ஒன்றுமே இல்லை. பாவமாக இருக்கிறது. இத்தனை நாள் என்னைக் கட்டிப்போட்டதே அந்தப் பாவம்தான். உங்கள் முகவரிக்கு உங்கள் பெயரில் தனி உரிமம் வாங்குங்கள். அஸ்ரியிடம் பேசி வைத்திருக்கிறேன். பதினைந்து நாள் பார்ப்பேன்.

ரொஸ்னானி

•

ஜொகூர் பாரு
மே 17

நானி,

கெடு வைக்கிறாயா? சரி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன். நீ செய்யும் ரெண்டாங் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று! உட்கார்ந்து பேசுவோம். படிவத்தைக் கையோடு கொண்டுவருகிறேன். வியாழனன்று நீ கேட்ட எண்ணையும் அப்போதே தருகிறேன். வண்டிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

உன் ஹம்டான்

•

குவாந்தான்
மே 26

ஹம்டானுக்கு,

வியாழனன்று சாவியைத் தொலைத்துவிட்டு வந்தவர் நோயாளிகளை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகும் வேன்காரர். அவரையா பெருநாள் வரை பொறுக்கச் சொல்கிறீர்கள்? அன்றே நானே வேறு பட்டறைக்கு வண்டியை இழுத்துப்போய் விட்டேன். கெடு முடிந்த அன்று நேராக அஸ்ரியின் அலுவலகம். ஒரே உரிமத்தை இரண்டு பட்டறையில் ஓட்டுகிறோம், அதில் ஒன்று என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன்.

அஸ்ரி பதறிவிட்டார். "அக்கா, வேணாங்க்கா. ரெண்டு கருவியும் நின்னுடும். உங்க முகவரிக்கும் ஒரு வருஷம் உரிமம் கிடைக்காது. சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"தெரியல தம்பி. முத்திரையக் குத்துங்க" என்றேன்.

அடுத்த திங்கள் காலை நின்றுவிடுமாம். அதற்குள் உங்கள் வண்டிகளின் விவரங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அடி விழுந்தது என்று தெரியும். மன்னியுங்கள். ஆனால் இதைத் திரும்பச் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

இனி கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டிகளை மட்டும் பார்ப்பதாகப் பலகை எழுதி வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஒரு வண்டிகூட வராத நாள் வரும். வரட்டும். அது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பெருநாளுக்கு வர வேண்டாம்.

ரொஸ்னானி