மனித வலம்

16 ஜூன் 2025, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. மே மாதம் முழுக்க நான் மனித வளமாக இல்லை. கௌரவ விரிவுரையாளருக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. கௌரவம் மட்டும் பன்னிரண்டு மாதமும் உண்டு.

இரண்டாம் ஆண்டு மனித வள மேலாண்மைக்கு முதல் வகுப்பே 'பணியாளர் நலன்'. விடுப்பு, ஓய்வறை, குறைதீர்க் குழு என்று பலகை நிறைய எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ரஞ்சித் கேட்டான்: "மேடம், இதுல உங்களுக்கு எதுனா குடுக்குறாங்களா?"

"சாக்பீஸ் குடுக்குறாங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பயலுக்கு மதிப்பெண் போடவேண்டும், பாடம் புரிந்திருக்கிறது.

18 ஜூன்

முதல்வர் சிவசங்கர் கூப்பிட்டார். "மோனிகா மேடம், மொத வருஷம் மனித வளத்துக்கு ஒம்பது பேர்தான் சேந்திருக்காங்க. ஆகஸ்ட் கடைசிக்குள்ள இருபது வரலன்னா யூனிவர்சிட்டி கோர்ஸ மூடிடும்."

"மூடினா, நான்?"

தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைப் பார்த்தார். பதில் இல்லாதபோது ஃபேனைப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் முதல்வர் ஆகிறார்கள் போல.

கோர்ஸ் போனால் நான் போவேன். தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் எல்லாம் தாண்டி வந்தது இந்த ஒற்றை நாற்காலிக்குத்தான். எங்கள் காலனியில் முதல் டாக்டர் நான். "ஊசி போடத் தெரியாத டாக்டரு" என்று நாகம்மாள் அத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

22 ஜூன், ஞாயிறு

ஆள் பிடிக்கப் புறப்பட்டேன். நைனாவின் ஷேர் ஆட்டோதான் வண்டி. செஞ்சியில் ஆரம்பித்து வல்லம் வரைக்கும், பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீடாகப் பார்த்து இறங்கினோம். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி.

"அத்த படிச்சா இன்னா வேல?"

"கம்பெனில ஆள் எடுக்கிறது, எடுத்த ஆளுங்கள பாத்துக்கிறது."

"ஆளுங்கள பாத்துக்க ஒரு படிப்பா? எங்க மேஸ்திரி எட்டாவது ஃபெயிலு."



நைனா ஆட்டோவிலிருந்தே கூவுகிறார்: "மனித வலம்மா! எம்பொண்ணு மனித வலம் சொல்லிக்குடுக்குது!"

"வலம் இல்ல நைனா. வளம்."

"அதான் நானும் சொல்றன். வலம்."

25 ஜூன், அமாவாசை

மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள். பஸ் ஸ்டாண்டில் காலை வைக்க இடமில்லை. கல்லூரிக்கு நடந்தே போனேன்.

12 ஜூலை, சனி

நம் செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டதாம். டீக்கடையில் கேசரி கொடுத்தார்கள். குரங்குகளுக்கும் தெரிந்திருக்கும், நடையில் ஒரு தோரணை.

கோட்டைக்கு ஆணை வந்துவிட்டது. எனக்கு நாலு வருஷமாக நிரந்தரப் பணி ஆணை வரவில்லை. அட்மிஷன்: பதினொன்று.

14 ஜூலை

இன்று நடந்ததை நாளைக்கு நானே நம்பமாட்டேன், எழுதி வைக்கிறேன்.

ரைஸ் மில் விநாயகம் கல்லூரிக்கே வந்துவிட்டார். அமாவாசைதோறும் மேல்மலையனூர் ரோட்டில் பந்தல் போட்டு, கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு அன்னதானம் செய்பவர்.

"நீங்கதான் பச்சமுத்து பொண்ணா? மனித வலம் வாத்தியாரு?"

"ஆமா சார்." ஐயா என்று எனக்கு வாயில் வராது. சார் போதும்.

"திருவண்ணாமல கிரிவலத்துக்கெல்லாம் நீங்கதான் ட்ரெயினிங்கா?"

அப்போதுதான் புரிந்தது. கூட்டத்தை ஒழுங்காகச் சுற்றி வரவைக்கிற படிப்பு என்று நினைத்து வந்திருக்கிறார்! போன வருஷம் ஆடி அமாவாசைக்குக் கூட்டம் நெரித்து சாம்பார் அண்டா சாய்ந்துவிட்டதாம். இந்த வருஷம் என் மாணவர்களை வைத்து ஒழுங்கு பண்ணித் தரமுடியுமா?

திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சுற்று வட்டாரமே வந்து போகிற பந்தல். அங்கே எங்கள் துறை பேனர் தொங்கினால் போதும், இனி எந்த வீட்டுப் படியிலும் ஏறி 'அப்டின்னா இன்னா' என்ற கேள்வியை வாங்கிக்கொள்ளவேண்டாம்.

"பண்ணலாம் சார்."

அவர் கடைசிவரை உட்காரவில்லை. நான் யார் வீட்டுப் பெண் என்பதாலா? துறைக்கு ஒரே நாற்காலி, அதில் நான் உட்கார்ந்திருந்தேன் — அதனாலும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் கோபப்பட்டால் உடம்பு தாங்காது.

17 ஜூலை

பந்தல் இடத்தைப் பார்க்கப் போனேன். இரண்டாம் ஆண்டுக் கலைவாணியும் கூட வந்தாள். யார் யார் என்ன வேலை என்று கேட்டேன். அடுப்புக்கு மாஸ்டர். பரிமாற மில் தெருப் பையன்கள். எச்சில் இலை எடுக்க?

"அது காலனி ஆளுங்க பாத்துக்குவாங்க" என்றார் விநாயகம். மழை வந்தால் நனையும் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

அந்தக் காலனி ஆளில் முதல் ஆள் மீனம்பாள். கலைவாணியின் அம்மா. கலைவாணி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமி பேர்ல சோறு போடுவாங்களாம். புண்ணியம் ஒருத்தருக்கு, எச்சில் ஒருத்தருக்கா? யார் பிரிச்சது இந்த வேலைய? கேட்டா 'அப்படியே நடக்குது'ம்பாங்க. ரோடு தானா நடக்குமா? இல — தானா எழுந்து போவுமா?

பேனரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட இருந்தேன். வீட்டுக்கு வந்து நாளைய பாடத்தைப் புரட்டினேன். மூன்றாம் அலகு: பணிச் சுழற்சி. ஒருவரையே ஒரே வேலையில் வைக்காமல் எல்லாரையும் எல்லா வேலையிலும் சுற்றி வரவைப்பது.

சுழற்சி. சுற்றுவது. வலம்.

அட! நைனா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

19 ஜூலை

மில்லுக்கே போய் விநாயகத்திடம் சொன்னேன். "எங்க முறையில எல்லாரும் எல்லா வேலையும் சுத்தி வரணும் சார். ஒருத்தர் ஒரே எடத்துல நின்னா அது வலம் இல்ல."

தலையைச் சொறிந்தார். "சாமிய சுத்துறாப்புலயா?"

"பந்திய சுத்துறாப்புல."

"படிச்சவங்க சொல்றீங்க. சரி."

அவருக்கு முழுசாகப் புரியவில்லை. நானும் முழுசாக விளக்கவில்லை. இது நேர்மையா? வகுப்பில் யாராவது கேட்டால் 'இல்லை' என்றுதான் சொல்வேன். நல்லவேளை, இது வகுப்பு இல்லை.

23 ஜூலை

கரும்பலகையில் சுற்று போட்டோம். தண்ணீர், இலை, பரிமாறல், பாத்திரம். ஒரு பந்திக்கு ஒரு வேலை, அடுத்த பந்திக்கு அடுத்த வேலை. மில் தெருப் பையன்கள், காலனி ஆட்கள், மாணவர்கள் எல்லாரும் கலந்து.

கலைவாணி கை தூக்கினாள். "மேடம், உங்க பேரு எங்க?"

நான் எனக்கு மைக்கை வைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு அறிவிப்பு சொல்ல ஆள் வேண்டாமா?   அழித்துவிட்டு முதல் பந்தி, இலை என்பதில் என் பெயரை எழுதினேன்.

"உங்க நைனா பேரும் காணோம் மேடம்" என்றான் ரஞ்சித்.

மறுபடி அழித்து, பந்தலுக்கு ஆட்டோவோடு வரவிருந்த நைனாவையும் எழுதினேன்.

24 ஜூலை, ஆடி அமாவாசை

உடம்பெல்லாம் சாம்பார் வாசனை. குளித்தும் போகவில்லை.

முதல் பந்தி நன்றாகப் போனது. நான் இலை எடுத்தேன், கூட்டத்துக்கு யாரும் அறிவிப்பு சொல்லவில்லை, கூட்டம் தானாகவே உட்கார்ந்து தானாகவே எழுந்தது. இரண்டாவது பந்தியில் வந்தது வினை. மில் தெருப் பையன்களில் இரண்டு பேர், இலை முறை வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். விநாயகம் பின்னாலேயே ஓடினார், நிற்கவில்லை. ஆள் குறைந்ததால் அவரே தண்ணீர் ஜக்கைத் தூக்கினார்.

அதே நேரம் பஸ் பிடிக்க வந்த ரஞ்சித்தின் அம்மா ராஜம்மாள் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தாள். மகன் கையில் எச்சில் இலைக் கூடை. அவ்வளவுதான்.

"டேய்! கீழ வைடா அத்த! எச்சி எல எடுக்கறதுக்காடா உன்ன காலேஜுக்கு அனுப்பனன்? யாரு வாத்தியாரு? வரச் சொல்லு!"

நான் முன்னால் போனேன். தயாராக வைத்திருந்த பதில்கள் எல்லாம் பெரிய பெரிய பதில்கள். அதற்குள் கலைவாணி, கையில் தண்ணீர் ஜக்கோடு, கத்தாமல் சொன்னாள்: "எங்கம்மா எடுக்குறப்ப ஒருநாளும் நீங்க கத்தலியே ஆன்ட்டி."

சாப்பிட்டவர்கள் கையை நிறுத்தினார்கள்.  ரஞ்சித் கூடையைக் கீழே வைக்கவில்லை.

"சும்மா இரும்மா. அடுத்த ரவுண்டு எனக்கு சாம்பாரு" என்றான்.

யாரோ சிரித்தார்கள். பந்தி மறுபடி சாப்பிட ஆரம்பித்தது. ராஜம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு மூட்டை மிளகாய் இருந்தது.

அந்தப் பந்தியில் சாம்பார் வாளி மீனம்பாள் கையில். முதலில் கரண்டியைப் பிடிக்கவே கூச்சம். பிறகு பாருங்கள்! "இன்னும் ஊத்தவா? ஊத்தவா?" கேட்டுக்கொண்டே ஊற்றுகிறாள், பதிலுக்குக் காத்திருப்பதில்லை. மெட்ராஸ்காரர் ஒருவர் இலையை இரண்டு கையாலும் அணைபோட்டுக்கொண்டு, "அம்மா போதும்மா, எனக்கு நீச்சல் தெரியாது" என்றார். மீனம்பாள் அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மூன்றாம் பந்திக்கு சாம்பார் இல்லை. ரஞ்சித்துக்கு வெறும் வாளிதான் கிடைத்தது. "மில்லயே ஊத்திடும்போல இந்தம்மா" என்று விநாயகம் தலையில் கை வைத்தார். ஆனால் எந்த அண்டாவும் சாயவில்லை.

28 ஜூலை

புகார் போயிருக்கிறது. கிளம்பிப் போன பையன்களின் வீட்டிலிருந்து.

"காலேஜ் பேனர கட்டிட்டு சாதிப் பிரச்சன பண்றீங்களாமே?" என்றார் முதல்வர்.

"பாடத்திட்டம் சார். மூணாம் அலகு."

"அட்மிஷன் பன்னெண்டுல நிக்குது. இப்படிப் பேர் எடுத்தா எவன் சேருவான்? கோர்ஸ் போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்கோங்க."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் 'போனா போவட்டும்' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வீடு வந்ததும் தெரிந்துவிட்டது, அது பொய். போவக்கூடாது. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குது. கடைசி பெஞ்சு நக்கல், சாக்பீஸ் தூள், ஒருத்தன் கண்ணுல திடீர்னு பாடம் புரியறது — எல்லாமே. வேற எங்க போய் நான் இப்படிக் கத்த முடியும்?

நைனா தட்டை வைத்துவிட்டு, "நான் வேணா இன்னொருவாட்டி எல எடுக்கட்டா?" என்றார். சிரித்துவிட்டேன்.

4 ஆகஸ்ட்

மீனம்பாள் மூன்று பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். அதில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், இது எல எடுக்குற படிப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மீனம்பாள், "சாம்பார் ஊத்துற படிப்பு. கம்முனு சேரு" என்றாள்.

பதினைந்து.

22 ஆகஸ்ட், அமாவாசை

விநாயகமே போன் செய்தார். "மேடம், வலத்துக்குப் பசங்கள அனுப்புங்க. எங்க தெருவுல ஒருத்தனும் வர மாட்டேன்றான்."

மனம் மாறிவிட்டார் என்று எழுத ஆசை. மாறவில்லை. ஆள் பற்றாக்குறை. ஆனால் மனித வள மேலாண்மையே ஆள் பற்றாக்குறையில் பிறந்ததுதான், பாடத்தில் அதை வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

28 ஆகஸ்ட்

நேற்று வரை பதினெட்டு. நாளை கடைசி நாள்.

மதியம் வாசலில் நிழல். ராஜம்மாள்! எழுந்து நின்றுவிட்டேன், பயத்தில். பின்னால் ரஞ்சித்தின் தங்கை சுமலதா, அவள் பின்னால் இன்னொரு பெண்.

"ஒக்காருங்க" என்று என் நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தாள்.

"அன்னிலேருந்து அவன் சாப்ட்ட தட்ட அவனே கழுவி வெக்கறான். எங்க வூட்டுக்காரருக்கே அதிசயம்" என்றாள். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் குரலில் இருந்தது. "இவளயும் சேத்துக்கோங்க. தனியா வரமாட்டாளாம், அதான் சிநேகிதிய கூட்டியாந்திருக்கா. ஆனா ஒண்ணு. எம்பொண்ணு எல எடுக்க மாட்டா. மொதல்லியே சொல்ட்டன்."

"எல்லாரும் சுத்தணும்மா."

"அதெல்லாம் ஆவாது."

"சுத்தணும்மா."

ராஜம்மாள் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி, கடைசி ரவுண்டுல போடு."

கடைசி ரவுண்டும் ரவுண்டுதான். போட்டேன்.

1 செப்டம்பர்

கோர்ஸ் தொடரும். முதல்வர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார், கை கூடக் கொடுத்தார்.

"அப்போ என் பணி ஆணை சார்?"

ஃபேன்.

பரவாயில்லை. துறைக்கு இரண்டாவது நாற்காலி கேட்டேன். அதற்குத் தலையாட்டினார்.

21 செப்டம்பர், மகாளய அமாவாசை

பந்தலில் நல்ல கூட்டம். மில் தெருப் பையன்களில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், தண்ணீர் முறை பார்த்து வந்தான், இலை முறை வருமுன் நழுவப் பார்த்தான். நைனா அவன் தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே சுற்றினார். நழுவ முடியவில்லை.

மீனம்பாளுக்கு இனி ரசம் மட்டும்தான் என்று பந்தல் குழு முடிவு. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சாம்பார் அண்டாவைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

மூன்றாம் பந்தி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விநாயகம் இலைக் கூடையோடு போகிறார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நடுவில் போன் அடித்தது. எச்சில் படாத சுண்டுவிரலால் தட்டி, தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டார். எங்கே இருக்கிறீர்கள் என்று யாரோ கேட்டிருக்க வேண்டும்.

"வலத்துல இருக்கன்டா. அப்புறம் பேசு."