காலியாக விட்ட கட்டம்

ஆனையூர்,
மதுரை.

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் முழு சுகம், உன் அம்மா முக்கால் சுகம், மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வாயெடுத்தால் புள்ளையப் பயமுறுத்தாதீங்க என்று பிடுங்கிக்கொள்கிறாள்.

ஒரு வருஷமாக அவளுக்கு எந்தச் செருப்பும் பற்றவில்லை, மோதிரமும் கழலவில்லை. திங்கிறதெல்லாம் காலுக்கே போகுதா என்று நானும் கேலி பேசிக்கொண்டிருந்தேன். கோரிப்பாளையத்தில் சுஃபியா என்று ஒரு டாக்டரம்மா, விரலைப் பார்த்ததுமே ரத்தம் சோதிக்கச் சொன்னார். வளர்ச்சிக்கான ஹார்மோன் அதிகமாம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி இருக்கலாம், நரம்பில் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுங்கள் என்றார்.

இனிமேல்தான் உன் அப்பாவின் சாமர்த்தியம். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்பிய கை இது, சும்மா இருக்குமா. ஒவ்வாமை என்ற கட்டத்தில், உண்டு, கடுமையானது என்று எழுதிவிட்டேன். கத்திரிக்காய் தின்றால் அவளுக்கு நாக்கு அரிக்கும், அம்புட்டுத்தான். கத்திரிக்காய் என்று எழுதக் கட்டத்தில் இடம் போதவில்லை. அதைப் பார்த்து அவர்கள் மருந்தே ஏற்றாமல் படம் எடுத்தார்கள், கட்டி எதுவும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. நான் ஜிலேபி வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன்.

டாக்டரம்மா மட்டும் நம்பவில்லை. ஏன் மருந்து ஏற்றவில்லை என்று கேட்டதும் கத்திரிக்காய் விஷயத்தைச் சொன்னேன். ஊசியில் கத்திரிக்காயையா ஏற்றப் போகிறார்கள் என்று கேட்டார், உன் அம்மா சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டிருக்கும். மறுபடி மருந்தோடு எடுத்தோம். நல்ல சுரப்பி மருந்தைச் சட்டென்று இழுத்து வெளிச்சமாகிவிடுகிறது, கட்டி மெதுவாக இழுப்பதால் அது மட்டும் கருப்பாக நின்றது. நாலு மில்லிமீட்டர், ஒரு மல்லி விதை அளவு. என் கெட்டிக்காரத்தனத்தால் அது தப்பித்திருக்கும். அவளைக் கேலி செய்ததையும் நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் இருபதாம் தேதி மூக்கு வழியாகவே எடுத்துவிடுவார்களாம். சின்னதிலேயே பிடித்ததால் குணமாக நிறைய வாய்ப்பு என்கிறார்கள். மூக்குத்தியைக் கழற்றணுமா என்பதுதான் உன் அம்மாவின் ஒரே கவலை. எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

காதை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நம் குலசாமி பாண்டி ஐயா உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருப்பார். கடைசியாக ஒரே ஒரு விஷயம். ஆபரேஷன் படிவத்தை டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டு நிரப்பிவிட்டேன். உறவினர் கையெழுத்து இரண்டு வேண்டுமாம், ஒன்று நான் போட்டுவிட்டேன். இன்னொன்றை நான் போடுறேண்ணே என்று பக்கத்து வீட்டு அழகுபாண்டி வந்தான், வேண்டாம் என்றுவிட்டேன். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக வைத்திருக்கிறேன்.

உன் அப்பா,
ஜெயபாண்டி