மேசையில் தட்டிய லத்தீன்

மார்ச் 4, செவ்வாய்

விடியவே புழுக்கம். கரண்ட் இல்லை. பல்கலைக்கழகத்தில் என் லத்தீன் கவிதை வகுப்புக்கு இம்முறையும் ஒரேயொரு ஆள், நுகேகொடைச் சிங்களப் பிள்ளை சந்துனி. வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதியாவிட்டால் பாடத்தை மூடிவிடுவார்கள். பிறகு எனக்கு வர்த்தகபீடத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதப் பழக்கும் வேலை. இத்தனை வருடப் படிப்புக்கு நல்ல மரியாதை.

வாங்க: சவர்க்காரம், மெழுகுதிரி, சிவப்புப் பேனை.

வீட்டுக்கார அன்ரி கதவடியில்: "தம்பி, குறை நினையாதேங்கோ. காலமையில நீங்கள் மேசையில தட்டித் தட்டிப் படிக்கிறது பக்கத்து வீட்டுக்குக் கேக்குதாம். நிலைமை தெரியும்தானே."

தட்டாமல் எப்படிப் படிப்பது? லத்தீன் வரியின் சந்தம் அதில்தான்: நெடிலுக்கு உள்ளங்கை, குறிலுக்கு விரல். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் பாதிரியார் பழக்கியது. கை அசையாவிட்டால் எனக்கு ஒரு வரியும் வாயில் வராது.

மார்ச் 5, புதன்

தட்டினேன். மெதுவாகத்தான்.

சவர்க்காரம் வாங்கியாயிற்று.

மார்ச் 6, வியாழன்

காலையில் பொலிஸ் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. வெள்ளவத்தையில் அது புதினமில்லை. ஆனால் நேரே என் அறைக்கு வந்தார்கள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்: யாழ்ப்பாணத்து ஆள், விளங்காத பாஷை, சங்கேதத் தட்டு. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எல்லாம் சரி. என்றாலும் கொண்டுபோய்ப் பொலிஸ் நிலைய வாங்கில் இருத்தினார்கள்.

இன்ஸ்பெக்டர்: "மே மொன பாஷாவத?" என்ன பாஷையாம். லத்தீன் என்றேன். யார் பேசுவது? இப்போது ஒருவரும் இல்லை. அப்படியென்றால் நீ யாரோடு பேசினாய்?

சாட்சிக்குச் சந்துனியின் பெயரைக் கொடுத்தேன். வேறு யார் இருக்கிறார்கள்?

தகப்பனோடு வந்தாள். வங்கி உத்தியோகத்தர், நல்ல மனிதர். தட்டிக் காட்டச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டரின் மேசையிலேயே தட்டினாள். உள்ளங்கை, விரல், உள்ளங்கை. நாலு வரி, ஒரு பிழை இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில் போய்ப் பெருமைப்பட்டேன், வெட்கக்கேடு. பொலிஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்து, என்னைப் போக விட்டார்கள். தகப்பன் சிரிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மழை. பீடக் கந்தோரில் பதிவு விபரம் கேட்டேன். சந்துனி பொருளியலுக்கு மாறிவிட்டாள். வாசலில் எனக்காக நின்றாள். "சொரி சேர்." சாட்சி சொன்னவள் என்று பொலிஸில் மகளின் பெயரும் விலாசமும் எழுதிவிட்டார்களாம், அப்பாவுக்குப் பயமாம். பயப்படத்தானே வேண்டும். பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

வீட்டுக்கு வந்தால் அன்ரி தேத்தண்ணியோடு, முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, இனிப் பயமில்லை. பொலிசுக்கே தெரிஞ்சு போச்சு. நீங்கள் சத்தமாத் தட்டிப் படியுங்கோ."

ஓம் என்றேன். திங்கள் முதல் வர்த்தகக் கடிதம்.