மழைப் பாட்டு இல்லாத மூன்று கொப்பிகள்

என் மூத்த மாமாவுக்கு,

"இன்னும் வாசிக்கேல்லை, மாமா." அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். மூன்றே சொற்கள்.

மனோர் பார்க் வீட்டில் உங்கள் குசினி மேசையில் இருந்தோம். மாமி கோயிலுக்குப் போயிருந்தார். நீங்கள் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"தந்ததைப் பாத்தனியோ, பிள்ளை?"

"ஓம் மாமா. நல்லாயிருக்கு. பாட்டெல்லாம் நல்லா வந்திருக்கு."

உங்கள் தேத்தண்ணிக்குள் இன்னொரு கரண்டி சீனி போட்டுக் கலக்கினீர்கள். பிறகு, "எந்தப் பாட்டு பிடிச்சது?" என்றீர்கள்.

"அந்த மழைப் பாட்டு."

"மழைப் பாட்டோ?" சிரித்தீர்கள். "சரி சரி, தேத்தண்ணி ஆறுது. குடி."

உங்கள் பாட்டுகளில் எப்படியும் எங்காவது மழை பெய்யும் என்ற துணிவில் சொன்னேன். ஈஸ்ட் ஹாமில் மண்டபம் எடுத்து, இந்த நாட்டுக்கு வந்துவிட்ட எங்கள் ஊராரின் சங்கம் பொங்கல் விழா வைக்கும்போதெல்லாம், வயலும் மாடும் மழையுமாக நீங்கள் கட்டிப் பாடிய நாட்டுப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். "மாமா வாறார், மைக்கை ஒளியுங்கோ" என்று பிள்ளைகள் நாங்கள் பகிடி பண்ணுவோம். அந்தப் பகிடியைத் தொடங்கியது நான்தான். அது உங்கள் காதுக்கு வந்ததா?

அதற்கு மூன்று மாதம் முன்பு, பலசரக்குக் கடைப் பையொன்றில், உங்கள் கையெழுத்து நிறைந்த மூன்று கொப்பிகளைப் போட்டுத் தந்தீர்கள். "ஒருத்தருக்கும் காட்டேல்லை. நீ நிறைய வாசிக்கிறனி, பாத்துச் சொல்லு." "புதுசோ மாமா?" என்றேன். "ஓம், புதுசுதான்." புதுப் பாட்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன். பை புத்தக அலுமாரிக்குக் கீழே போனது. அலுமாரி நிறைய நாவல்கள்.

நீங்கள் போன பிறகுதான் அந்தப் பையைத் திறந்தேன். அதுவும் வாசிக்க இல்லை. முப்பத்தோராம் நாள் காரியத்தில் கொடுக்கக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும் என்று உங்கள் மகள் வதனி போன் எடுத்தார். "அப்பான்ர கடைசிப் பாட்டுகள் உன்னட்டத்தானே இருக்காம். போடுறதுக்கு நல்லதா ஒண்டு எடுத்துத் தாடி." ஒரு பாட்டைத் தேடி முதல் கொப்பியை விரித்தேன்.

"சாந்தி வேலைக்குப் போகிற நேரம் வீட்டில் எல்லோரும் நித்திரை. வருகிற நேரம் ஒருவரும் இல்லை. நாலு வருசமாகத் தன் பிள்ளைகளின் குரலை அவள் போனில்தான் கேட்டாள்."

எதுகை இல்லை, மோனை இல்லை, மாடு இல்லை. அலுவலகங்களைத் துப்புரவாக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய நாவல், பதினெட்டு அத்தியாயம் வரை வந்து முடியாமல் நிற்கிறது. நின்றபடியே ஏழு பக்கம் வாசித்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அவள் அழப்போகிற இடத்தில், அழ விடாமல் அவளை பஸ் பிடிக்க அனுப்புகிறீர்கள். மேடையில் ஒரே வரியை மூன்று தரம் பாடுகிற நீங்கள், ஒரு சொல்லை எழுதாமல் விட எப்போது பழகினீர்கள்?

இரண்டாம் கொப்பியின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. பாட்டே இல்லாத எழுத்தில் நான் மழைப் பாட்டைப் பாராட்டியிருக்கிறேன். எந்தப் பாட்டு என்று கேட்டபோதே உங்களுக்கு எல்லாம் தெரியும். ஏன் மாமா என்னை ஏசவில்லை?

கல்வெட்டில் உங்கள் பழைய பாட்டு ஒன்றைப் போட்டோம். அந்த முப்பத்தோராம் நாள் பந்தியில் ஒருவர் என் கையைப் பிடித்து, "அந்த மனுசன்ர அருமை உனக்குத்தான் பிள்ளை தெரியும்" என்றார். அவருக்கும் ஓம் என்றேன்.

போன ஞாயிறு மாமியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நானும் அவரிட்டக் கேட்டனான், பிள்ளை என்னவாம் எண்டு. 'அவளுக்கு வேலை கூடிப்போச்சு, பாவம்' எண்டு மட்டும் சொன்னவர்." ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று கொப்பிகளையும் நீங்கள் எழுதியபடியே தட்டச்சு செய்கிறேன். எட்டாம் அத்தியாயம் வரை வந்துவிட்டேன். ஒரு சொல்லையும் திருத்த மாட்டேன், என் கையால் ஒரு முடிவும் ஒட்ட மாட்டேன். புத்தகமாக வரும்போது, இதை முதலில் கையில் வாங்கியவள் வாசிக்கவில்லை என்பதும் அதில் இருக்கும். என்னைப் பற்றி வெளியில் எழுதிப் பழக்கமில்லாத நான் இந்தக் கடிதத்தை எல்லோரும் பார்க்க எழுதுவதும் அதற்காகத்தான்.

அந்த ஞாயிறு புறப்படும்போது மாமி நாலாம் கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தார். நான் வாசித்துச் சொன்ன பிறகு தொடரலாம் என்று வாங்கி வைத்திருந்தீர்களாம். முதல் பக்கத்தில் "அத்தியாயம் பத்தொன்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மேசைப் பேச்சுக்குப் பிறகு ஏழு மாதம் உயிரோடு இருந்தீர்கள். கொப்பியில் வேறு ஒரு வரியும் இல்லை.

உங்கள் தங்கையின் மகள்