தந்தியில் வந்த ‘நீ’

மல்லேஸ்வரம்,
2-2-1939

கல்கத்தாவில் இருக்கும் என் அகத்துக்காரருக்கு நமஸ்காரம். நானும் குழந்தையும் சௌக்கியம்.

செவ்வாய்க்கிழமை காலை தந்திச் சேவகன் அடுத்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான். கல்கத்தாத் தந்தி என்று காதில் விழுந்ததும் மாவுக் கையோடு ஓடினேன். உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது, என்னிடம் சொல்லப் பயந்து அங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

அந்த வீட்டு டீச்சர் பத்மாசனி என்னைக் கட்டிக்கொண்டாள். “மாமி, காங்கிரஸ் தலைவர் தேர்தல்லே போஸ் ஜெயிச்சுட்டார்! காந்திஜி நிறுத்தினவரையே தோற்கடிச்சுட்டார்! உங்காத்து மாமா தந்தி அடிச்சிருக்கார்!” என்று என் வாயில் சர்க்கரையைப் போட்டாள். தெருவே கூடிவிட்டது. சிலர் கை தட்டினார்கள். எதிர்வீட்டு ஆராவமுதன் காந்திஜியை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன எழுதியிருக்கார்?” என்று கேட்டேன்.

இங்கிலீஷில் இருந்ததை அவள் தமிழில் படித்துச் சொன்னாள்: “போஸ் ஜெயித்தார். நீ சொன்னதே சரி.”

என் எதிரில் நீங்கள் அவளை ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிடுவீர்கள்.

தபாலாபீஸ் குமாஸ்தாவிடம் விசாரித்தேன். இங்கிலீஷில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தானாம். அப்படியானால் அந்த ‘நீ’ அவள் வாயில் தானாகவே வந்திருக்கிறது.

எனக்குத் தேர்தல் தெரியாது. என்னிடம் நீங்கள் அதைப் பேசியதும் இல்லை. பேசியிருந்தால் நானும் ஒரு பெயர் சொல்லியிருப்பேன்.

அண்ணா துணையோடு, குழந்தையை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ரயிலேறுகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். இனிமேல் கல்கத்தாச் செய்தியை நானே எழுதுகிறேன் என்று பத்மாசனியிடம் சொல்லிவிட்டேன்.

உங்களைக் கைப்பிடித்தவள்